பொண்டாட்டி சொன்னா எடுபடாது

என் தங்கச்சியின் தையல் கடையைக் கொளுத்தியவர் என் புருஷன். இதை வேறு யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே அவரே சொன்னார்.

அன்றைக்கு ரப்பர் பால் வெட்டிவிட்டு வாளியோடு நிறுவைக்கு நின்றுகொண்டிருந்தபோது, கடை எரிகிறது என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கூரைத் தகரம் உள்ளே விழுந்துவிட்டது. இரண்டு மெஷின், பொங்கலுக்குத் தைக்க வந்த துணிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள், எல்லாம் போயிற்று. தங்கச்சி டவுனுக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தாள். மத்தியானம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தால் இவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். காம்பிரா அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. நான் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை.

"ஆமா, நான்தான் கொளுத்துனேன். அவளை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. இல்லாட்டி அடுத்தது வீடுதான். நீ யார்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லு. பொண்டாட்டி சொன்னா கோர்ட்டுல எடுபடாது."

அவர் புளத்கொகுபிட்டியவில் ஆட்டோ ஓட்டுகிறவர். கோர்ட்டுக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கி, அரைகுறையாகச் சட்டம் பேசப் பழகியிருந்தார். அந்த அரைகுறைச் சட்டம் சரியாகத்தான் இருந்தது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தங்கச்சி மேல் அவருக்கு என்ன கோபம்? துணி எடுக்க வரக்காப்பொலைக்குப் போன இடத்தில், இவர் ஒரு பெண்ணோடு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். விசாரித்தால், அந்த ஊரிலேயே பதிவாளரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்துக் குடும்பம் நடத்துகிறாராம். என் தங்கச்சி எதையும் மென்று விழுங்குகிறவள் இல்லை. திரும்பி வந்து பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எப்படி இன்னொரு கல்யாணம் எழுத விட்டார்கள் என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு போட்டு, போட்டோ பிடித்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. பதிவாளரிடம் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த அப்புறம் பல வீடுகளுக்கு வருவதே இல்லை. எனக்கும் வரவில்லை. சாமிக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியும், இன்னும் யாருக்குத் தெரியவேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். அதனால் வரக்காப்பொலையில் அவர் கல்யாணமாகாதவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடிந்தது.

தங்கச்சி முறைப்பாடு கொடுத்தாள். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதும், செய்ததை அங்கேயே ஒத்துக்கொண்டார். கேஸ் முடிந்தது என்று லயமே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அரச தரப்புச் சட்டத்தரணி அம்மா எங்களைக் கூப்பிட்டுப் பேசியபோதுதான் விஷயம் விளங்கியது. பொலிஸில் ஒத்துக்கொண்டதைக் கோர்ட் சாட்சியாக எடுக்காதாம். பிறகு எதற்கு எழுதினார்கள் என்று சண்டை பிடித்தேன். எடுக்கலாம் என்றால் யாரையும் அடித்து எழுதி வாங்கிவிடலாமே என்றார் அவர். அடி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் சனத்தில் இல்லையா என்ன.

கொளுத்தியதைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. மிச்சம் இருந்தது என்னிடம் சொன்ன சொல் ஒன்றுதான். அதற்கும் ஒரு பூட்டு. புருஷன் பொண்டாட்டியிடம் சொன்னதை, புருஷன் சம்மதம் இல்லாமல் கோர்ட்டில் சொல்ல விடமாட்டார்களாம். கொளுத்தியவரிடமே போய் உத்தரவு கேட்கவேண்டுமா? பொண்டாட்டிக்கே செய்த குற்றம் என்றால் பேசலாம், எரிந்தது தங்கச்சியின் கடை என்றார் அந்த அம்மா. என் தலையில் மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தால் நான் பேசலாம்.

பிறகு அந்த அம்மா மெதுவாக, கல்யாணம் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கோயிலில் கட்டினாலும் அது கல்யாணம்தான், ஆனால் அதை நிரூபித்து உங்கள் பேச்சைத் தடுக்கவேண்டியது உங்கள் புருஷன் பக்கம் என்றார். அவர்கள் காட்டுவார்களா பார்ப்போம் என்றும் சொன்னார்.

இதற்குள் என் புருஷன் பிணையில் வந்து, லயத்துக்கு முன்னால் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார். தங்கச்சி பிள்ளைகளைத் தனியாக விட்டு நகரமாட்டாள். அவர் தப்பிவிட்டால் அவள் இந்தத் தோட்டத்தில் இருக்க முடியாது. கோயில் தலைவர் என்னைத் தேடி வந்தார். உன் புருஷன் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவார், புது மெஷினும் வாங்கித் தருவார், வீட்டுப் பேச்சை வெளியில் கொண்டுபோகாதே என்றார். அந்தக் கோயிலில் கற்பூரத்துக்கு முன்னால்தான் என்னையும் கட்டினார், அந்தச் சத்தியம் வரக்காப்பொலை வரைக்கும்கூடத் தாங்கவில்லையே என்றேன். தலைவர் தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனார். மாமியார் மட்டும் வாசலில் நின்று, புருஷனைக் காட்டிக் கொடுக்கிறவள் நன்றாக இருக்கமாட்டாள் என்று மண்ணை வாரித் தூற்றினாள். நன்றாக இருந்தது போதும் என்று நான் கதவைச் சாத்தினேன்.

கேகாலையில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அன்று, அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று அரச தரப்பு அம்மா கேட்டதுமே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஐயா எழுந்துவிட்டார். இவர் அவருடைய மனைவி, இதைச் சொல்ல அனுமதிக்கக் கூடாது என்றார். அரச தரப்பு அம்மா வரக்காப்பொலைப் பதிவின் பிரதியை எடுத்து நீட்டினார். நீதிபதி அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, இந்த ஆளுக்கு நீங்கள் மனைவியா என்று கேட்டார்.

ஆமாம் என்றால் என் வாய்க்குப் பூட்டு. இல்லை என்றால் இத்தனை வருஷம் அந்தக் காம்பிராவில் நான் யார்? பின்னால் லயத்துச் சனம் உட்கார்ந்திருந்தது. தங்கச்சியும் இருந்தாள். பொய் சொல்வதற்கு நான் அங்கே ஏறவில்லை. கோர்ட்டு முதலியார் என் தமிழைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கக் காத்திருந்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்று சொல்லி, நேராக நீதிபதியிடமே பேசினேன். நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்.

"கோயில்ல எனக்குத் தாலி கட்டினாருங்க ஐயா. வரக்காப்பொலையில போய்க் கல்யாணமே ஆகலன்னு கையெழுத்துப் போட்டாருங்க. ரெண்டுல எது பொய்னு அவரே சொல்லட்டும்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீதிபதி எதிர்த்தரப்பு ஐயாவிடம், மனைவி என்று நிரூபிக்கப் போகிறீர்களா, அப்படியென்றால் அந்தப் பதிவு என்னவென்று யோசித்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார். ஐயா குற்றவாளிக் கூண்டுக்குப் போய்க் குசுகுசுத்தார். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைத்தவருக்கு இப்போது ஒரு காலையாவது எடுத்தே ஆகவேண்டும். நான் பொண்டாட்டி என்றால் ரெண்டு கல்யாணம் கட்டிய குற்றம் தனியாக வரும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஐயா திரும்பி வந்து, ஆட்சேபத்தை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்.

இத்தனை வருஷக் கல்யாணத்தை அவ்வளவு சுளுவாகக் கழற்றிவிட்டார். வலிக்கவில்லை என்றால் பொய். அந்த வலியோடேயே, சோற்றில் கை வைத்துக்கொண்டு அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பொண்டாட்டி சொன்னால் எடுபடாது என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். குறுக்கு விசாரணையில், தாலி கழுத்தில் கிடக்கக் காட்டிக் கொடுக்கிறீர்களா என்று ஐயா குத்திப் பார்த்தார். தங்கம் எங்கம்மா போட்டது, அவர் கட்டிய மஞ்சள் கயிறு எப்போதோ இற்றுப்போய்விட்டது என்றேன்.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை சொல்வதற்கு முன்னால், குறைக்கச் சொல்லி ஐயா மன்றாடினார். வயதான தாய் இருக்கிறார், வரக்காப்பொலையில் மனைவி இருக்கிறார், தோட்டத்திலும் இவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது என்று அடுக்கினார்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பின் பெஞ்சிலிருந்து நானாகவே எழுந்தேன். தங்கச்சி சேலையைப் பிடித்து இழுத்தாள். முதலியார் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"அந்தக் குடும்பத்துல என்னைச் சேர்க்காதீங்க ஐயா. அவர்தான் என்னை நம்பி இருந்தாரு, பொண்டாட்டி சொன்னா எடுபடாதுன்னு."