ஜோடி நோட்டு

முதலாளியின் மருமகள் என் மேசையைப் போட்டோ எடுத்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, என் நாற்காலிக்கு ஆபத்து என்று.

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் இருக்கும் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிகளின் ஆபீஸ் ஒன்றில், பதினேழு வருஷமாக வண்டிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்பவள் நான். எங்கள் வண்டிகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே போர் போட்டுக்கொண்டிருக்கும். அவற்றின் ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் என் மேசைமேல்தான். இடது மூலைக் குவியல் வடக்கே போன வண்டிகள். நடுவில் கர்நாடகா, ஆந்திரா. வலது மூலை, ஷெட்டில் நிற்பவை. பறக்காமலிருக்க ஒவ்வொன்றின்மேலும் பாறை குடைந்து தேய்ந்த டிரில் பிட் ஒன்று. பார்க்கிறவர்களுக்குக் குப்பைமேடு. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். வேறு யாராலும் எடுக்க முடியாது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. சோறு போடுகிற குப்பைமேட்டை யார்தான் கூட்டித் தள்ளுவார்கள்?

மருமகள் கோயம்புத்தூரில் படித்தவள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் ஆபீசைச் சீராக்க வந்துவிட்டாள். மேசையைத் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தாள். பிறகு கேள்விகள்.

"ஏனுங்க்கா, இந்தக் கட்டு எதுக்குங்க தனியா இருக்குது?"

சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் நம்பவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். என் மண்டையில் இருப்பதையெல்லாம் கறந்துவிட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மாமா சொன்னாருங்க்கா, நீங்க லீவே எடுக்கறதில்லைன்னு. எல்லாம் அததுக்கு ஒரு எடத்துல இருந்துட்டா, நீங்க இல்லாட்டியும் வேலை நடக்குமில்லீங்களா?"

நீங்க இல்லாட்டியும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தும் அதே வார்த்தைதான் காதில் ஒலித்தது.

இரும்பு பீரோ வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஃபைல், அதன்மேல் லேபிள், எல்லாம் நம்பர் வரிசையில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தப்பு இருந்தது, அதை நான் உடனே பார்த்துவிட்டேன். ரிக் வண்டி ஒருநாளும் தனியாகப் போகாது. குழாய்களை ஏற்றிக்கொண்டு சப்போர்ட் லாரி ஒன்று கூடவே போகும். செக்போஸ்டில் நிறுத்தினால் இரண்டின் காகிதமும் சேர்த்துக் கேட்பார்கள். வெவ்வேறு காலத்தில் வாங்கிய வண்டிகள், நம்பருக்கும் நம்பருக்கும் சம்பந்தமே இருக்காது. எதற்கு எது ஜோடி என்பது என் பழைய நோட்டில் மட்டும்தான் எழுதியிருந்தது. நம்பர் வரிசையில் அடுக்கியதும் ஜோடிகளெல்லாம் பிரிந்து ஆளுக்கொரு தட்டுக்குப் போய்விட்டன.

சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டேன். நோட்டையும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திண்டாடட்டும், அப்போது தெரியும் என் அருமை.

சும்மா காத்திருக்கவும் பொறுமையில்லை. ஓமலூரில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பதினேழு வருஷத்தில் முதல்முறையாக, விசேஷத்துக்கென்று இரண்டு நாள் லீவு கேட்டேன். மருமகள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அதுவும் எனக்கு உறுத்தியது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பஸ்ஸில் பையை அணைத்தபடியே போனேன். குழந்தை வீறிட்டு அழுதபோதும் என் காது போனில்தான் இருந்தது. இரண்டு நாளும் ஆபீசிலிருந்து ஒரு போன் வரவில்லை.

திரும்பி வந்த அன்று வாசலில் டிரைவர் ஒருவர் நின்றிருந்தார். "முந்தாநேத்து பார்டர்ல நிறுத்திப்போட்டாங்க்கா. ரண்டு வண்டிக் காயிதமும் கேட்டாங்க. அம்மிணி அஞ்சு நிமிசத்துல போன்ல அனுப்பீட்டாங்க."

உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். ஃபைல்கள் இரண்டிரண்டாகச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு நின்றன. கதவின் உள்பக்கம் என் பழைய மேசையின் போட்டோ ஒட்டியிருந்தது. குவியல்களில் காகிதங்கள் இரண்டிரண்டாகச் சொருகியிருப்பது அதில் வண்டி நம்பரோடு நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில், ஒரு பிட்டுக்கு அடியில், என் நோட்டு.

மேல்தட்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதற்கும் லேபிள் ஒட்டியிருந்தாள்: ஜோடி நோட்டு. கீழே பென்சிலில் சிறியதாக, அக்காவிடம் உள்ளது.

இதுவும் என்னைப் பிடிக்க வைத்த பொறியோ என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தி அப்படி. முதலாளி வந்தார், காதுகுத்தைப் பற்றி விசாரித்தார், போனார். நோட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவள் சொல்லியிருக்கவில்லை.

அவள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து நோட்டை அந்த இடத்தில் வைத்தேன்.

திரும்பி வந்தவள் பீரோவை ஒரு பார்வை பார்த்தாள். அழிரப்பரை எடுத்து அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் அழித்தாள். டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அடுத்த லீவு எப்பங்க்கா?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.