பீரோவுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. முன்னால் விபத்து எதுவும் இல்லை. சுப்பராயன் நடந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி, தோட்டைத் தொலைத்தவர் மாதிரி தார் ரோட்டைக் கண்ணால் துழாவிக்கொண்டு போகிறார். 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். முதல் லாரியின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, சுப்பராயனின் பரம்பரை முழுவதையும் நலம் விசாரிக்கிறார். சுப்பராயன் கோபித்துக்கொள்வதில்லை. "இரு மாமு, டயர்ல அத்த நசுக்கிட்டுப் பூடாத" என்று கையைக் காட்டிவிட்டு, லாரிக்கு அடியிலும் ஒரு பார்வை பார்க்கிறார்.

கடைசியில் ஒரு நட்டு கிடைக்கிறது. லுங்கியில் துடைத்துப் பார்க்கிறார். ஏதோ டிரைலரிலிருந்து விழுந்தது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. அவர் வண்டியில் எங்கே வைத்தாலும் பொருந்தாது. இருந்தாலும் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "எவனோடதா இருந்தா இன்னா, ஒரு நாளிக்கு ஆவும்."

சுப்பராயனுக்கு ஐம்பத்து மூன்று வயது. காத்திவாக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில் டிரைவர். கரையில் அவர் ஓட்டுவது ஓரியன் 135. பெயரைக் கேட்டு நீங்கள் விழிப்பது நியாயம்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி அதைத் தயாரித்தது, நாலு வருடம் விற்றது, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. சுப்பராயன் வண்டி எடுத்த ஏழாவது மாதம் சாத்தியது. அவர் வாங்கிய டீலர் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள். ஓரியனை விட நன்றாகவே விற்கிறது.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் சர்வீசுக்கென்று ஒரு செல்போன் நம்பர் இருந்தது. அது கைமாறிக் கைமாறி, இப்போது காட்பாடியில் இட்லி மாவு விற்கும் ஜெயஸ்ரீ என்ற அம்மாளிடம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சுப்பராயன் அந்த நம்பருக்கு ஒரு தரம் அடித்துப் பார்ப்பார். கம்பெனி திரும்பி வந்தாலும் வந்திருக்கலாமே என்று ஒரு நப்பாசை. முதல் இரண்டு வருடம் அந்த அம்மாள் நன்றாகத் திட்டினாராம். இப்போதெல்லாம், "இன்னும் அந்த வண்டியத்தான் வெச்சிருக்கீங்களா? பாத்து ஓட்டுங்க" என்கிறாராம்.

வண்டி ஓடத்தான் செய்கிறது. உப்புக் காற்றும் அனல் மின் நிலையச் சாம்பலும் தின்றது போக மிஞ்சிய வண்டியில் பாதிக்கு மேல் கடல் சாமான். பெட்ரோல் குழாய், படகின் டீசல் குழாயில் வெட்டிய துண்டு. பக்கவாட்டு மூடியைக் கட்டியிருப்பது வலை பின்னும் நைலான் நரம்பு. ஹேண்டில் பார் நடுங்காமல் இருக்க இரண்டு முனையிலும் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு. கால் வைக்கும் ரப்பர், ஹவாய் செருப்பில் அறுத்தது. இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை. சீட்டு பிளந்து பல வருடம் ஆகிறது. ஐஸ் மூட்டை கட்டும் பிளாஸ்டிக் கோணியைச் சுற்றி வைத்திருக்கிறார். நான் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பாவத்துக்கு, ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து திருவொற்றியூர் வரை போயிருக்கிறேன். இறங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் என் பற்கள் நின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டிக்கு வேண்டிய புதுச் சாமான் அத்தனையும் அவரிடம் இருக்கிறது. பீரோவில். மேல் தட்டில் பிஸ்டன், பல் சக்கரங்கள், கிளட்ச் தகடு. நடுத் தட்டில் அவர் மனைவி பூவம்மாவின் கல்யாணப் பட்டு. அதற்கு மேல் பெரிய பிஸ்கட் டின் ஒன்று, அதற்குள் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் பேனாவில் பெயர் எழுதி, 'தொடாதே' என்றும் எழுதியிருக்கிறது. கால் வைக்கும் ரப்பர்கூட ஒரு ஜோடி இருக்கிறது. கம்பெனி முத்திரையோடு, இன்னும் வாசனை போகாமல்.

"பின்னே ஏன் செருப்பை அறுத்து மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என்னுடையது தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் வண்டி. எந்தக் கடையில் கேட்டாலும் சாமான் கிடைக்கும். கவலையே இல்லாமல் வண்டி வைத்திருப்பவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் எண்ணம். "இத்தப் போட்டுட்டா அப்பால ஸ்பேருக்கு இன்னா பண்ணுவ? போட்டுட்டா இல்லாமப் பூடும் நைனா."

பூவம்மாவிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்கவே கூடாது. எடுத்தேன். "எனுக்கு மூட்டு வலிச்சா தைலம் தேச்சிக்கோன்றாரு. அந்தச் சனியனுக்கு வலிச்சா பஸ்ஸு புட்ச்சி புதுப்பேட்ட போறாரு. பீரோவத் தொறந்தா கிரீஸ் நாத்தம். இந்தாளு கட்டிக்கினது என்னியா, அத்தயா?" என்றார். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் சுப்பராயனைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. அவர் வருவதைப் பார்த்ததும் பாதிப் பேர் "இல்ல" என்று கையை ஆட்டிவிடுவார்கள்.

இந்தப் பித்துக்கு ஒரு காரணமும் சொல்வார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பழவேற்காட்டுக்கு வெளியே நடுக்கடலில் அவருடைய படகு நின்றுபோனது. எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பில் உள்ளங்கை அளவு ரப்பர் ஒன்று கிழிந்துவிட்டது. மாற்று ரப்பர் இல்லை. ஏழு பேர் இரண்டு நாள் அலையில் கிடந்தார்கள். வயர்லெஸ் மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு, முன்பின் தெரியாத படகு ஒன்று பக்கத்தில் வந்து, ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. பெயரைக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குகிறார்.

"மைக்ல ஒருத்தன் சாமான் கேட்டான்னு வெச்சிக்கோ, வெச்சிருக்கிறவன் வாயத் தொறக்கணும்" என்பார். "வெச்சிக்கினே கம்னு இருந்தான்னா, நாளிக்கு அவன் படகு நின்னா எவனும் கயிறு போட மாட்டான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். கடலில் இந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. கரையில் மீறியிருக்கிறார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வட சென்னையில் ஓடும் ஓரியன்கள் மொத்தம் இரண்டு. இன்னொன்று தஹ்சீன் பாயுடையது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் லாரிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். பதினைந்து வருடத் தோஸ்து. வாரம் ஒரு தரமாவது சந்தித்து, ஒருவர் உடம்பை ஒருவர் அக்கறையாக விசாரித்துக்கொள்வார்கள். "பிரஷர் எப்டி கீது பாய்?" என்று இவர் கேட்பார். "உனுக்கு இட்ப்பு வலி இன்னாச்சு நைனா? வண்டி ஓட்டாத, ஒத்துக்காது" என்று அவர் சொல்வார். இருவர் கண்ணும் எதிராளியின் வண்டியில்தான் இருக்கும். எவன் முதலில் ஓட்டுவதை நிறுத்துகிறானோ, அவனுடைய வண்டி இன்னொருவனுக்குச் சாமான். இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. பாயின் சீட்டு கண்ணாடி மாதிரி மின்னும். இவருடைய கோணியை நாலு வருடமாகப் பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார். தைத்துத் தரச் சொல்லிக் கேட்டால், "அந்தக் கலர் ரெக்ஸின் வர்ல நைனா" என்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பாய் போன் செய்தார். புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஓரியனுடைய சி.டி.ஐ. பெட்டி ஒன்று, புத்தம் புதிதாக வந்திருக்கிறதாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியதாக, கறுப்பாக இருக்கும். பிளக்குக்கு நெருப்பு அனுப்புவது அதுதான். செத்தால் பிரித்துப் பழுது பார்க்க முடியாது. வேறு வண்டிப் பெட்டியை மாட்டினால் ரெண்டு நாள் இருமிவிட்டு அதுவும் சாகும். சேர்ந்து போய்ப் பார்க்கலாமா என்று பாய் கேட்டார். "இன்னிக்கு அந்தக் கட லீவு பாய், நாளிக்கிப் போலாம்" என்றார் சுப்பராயன். போனை வைத்த கையோடு பஸ் ஏறினார். மறுநாள் இருவரும் போனபோது பெட்டி இல்லை. பாய் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் சுப்பராயன் முந்திக்கொண்டு கடைக்குள் போய்த் திரும்பி, "எவனோ வேலூர்க்காரன் வந்து வாங்கினு பூட்டானாம் பாய்" என்றார். இதை என்னிடம் அவரே பெருமையாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

போன மே மாதம், மீன்பிடித் தடைக் காலம். படகெல்லாம் கரையில். சுப்பராயன் வாசலில் உட்கார்ந்து வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று தடதடத்துக்கொண்டு வந்து நின்றது. அதன் பலகையில் கயிறு கட்டிப் படுத்திருந்தது பாயின் ஓரியன். பக்கத்தில் பாய், ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிவந்த மாதிரி அதன் டேங்கில் கை வைத்தபடி.

"பெட்டி பூட்ச்சி நைனா" என்றார். "பத்து நாளா அலையறேன். பையன் பேட்டரி வண்டி வாங்கிக் குட்த்துட்டான், சத்தமே வர்ல, பேஜாரா கீது. இத்த எடைக்குப் போட மன்சு வர்ல. நீ வெச்சிக்கோ. உனுக்குனா ஸ்பேருக்கு ஆவும்."

பதினைந்து வருடமாக சுப்பராயன் காத்திருந்தது இதற்குத்தான். முழு வண்டி, காசில்லாமல், வாசலில். இறக்கி வைத்ததும் அதைச் சுற்றி வந்தார். கீறல் இல்லாத மீட்டரைத் தொட்டார். உடையாத பக்கவாட்டு மூடியைத் தட்டினார். கம்பெனி ரப்பரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்தவர் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஒரே ஒரு பெட்டி எங்கனா கெட்ச்சிருந்தா ஓட்டினு இருந்திருப்பேன்" என்றார் பாய். பிறகு, கேட்கவா வேண்டாமா என்பது போல, "உன்கிட்ட எதுனா… இல்லல?" என்றார்.

சுப்பராயன் சங்கிலிக்கு எண்ணெய் விடத் திரும்பிவிட்டார். ஏற்கெனவே விட்ட இடத்திலேயே மறுபடி விட்டார். எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. உண்மை தெரிந்தும் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்த என்மேலும்தான். பெட்டியைக் கொடுத்தால் நாலு வருடப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். முழு வண்டி கையை விட்டுப் போகும். நாளைக்கு இவருடைய பெட்டி செத்தால் போட வேறு கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அவருக்குத்தான். பாய் டேங்கை இன்னொரு தரம் தடவிவிட்டு, மீன்பாடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"எறங்கு பாய்" என்றார் சுப்பராயன்.

உள்ளே போனார். பீரோ கதவு கிறீச்சிட்டது. "பொடவ மேல கைய வெக்காதய்யா, எண்ணக் கையி" என்று பூவம்மாவின் குரல் கேட்டது. பொட்டலத்தோடு வெளியே வந்து, பாயின் கையில் வைத்தார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுகூட அப்படியே இருந்தது.

"இன்னா நைனா இது? வேலூர்க்காரன் வாங்கினு பூட்டான்னியே?"

"நான்தான் பாய் அந்த வேலூர்க்காரன்."

பாய்க்கு முகம் சிவந்தது. "நாலு வருசம்! கய்த, நாலு வருசமா அந்த வேலூர்க்காரன திட்டிக்கினு கீறேன்டா!"

"தெரியும். பக்கத்துல குந்திக்கினு நானும்தான திட்னேன்."

மீன்பாடி வண்டிக்காரர் இறங்கி வந்து, சண்டை வருமென்று வசதியான இடமாகப் பார்த்து நின்றார். சுப்பராயன் திருப்புளியை எடுத்து உட்கார்ந்தார். சாமானை வாங்கி வைக்க மட்டுமே தெரிந்த அந்தக் கை, புதுச் சாமான் ஒன்றை வண்டியில் மாட்டுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கழற்றிய செத்த பெட்டியை பாய் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாய் நாலு உதை உதைத்தார். ஐந்தாவது உதையில் ஓரியன் இருமி, புகை கக்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், எஞ்சினை நிறுத்தாமலே, "உன் சீட்டக் கழட்டிக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"தெச்சித் தரேன். ரெக்ஸின் கீது."

"வர்லன்னியே?"

"வேலூர்க்காரன் குட்த்தான்."

சுப்பராயன் மறுபேச்சில்லாமல் கோணியை அவிழ்த்து, சீட்டைக் கழற்றிக் கொடுத்தார். பாய் அதை மடியில் வைத்துக்கொண்டு கியரைப் போட்டார். அப்போதுதான் சுப்பராயனுக்கு ஞாபகம் வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், அந்தப் பழச குட்த்துட்டுப் போ."

"செத்த பெட்டிய வெச்சினு இன்னா பண்ணப் போற?"

சுப்பராயன் கையை நீட்டினார். பாய் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார். சுப்பராயன் அதை லுங்கியில் துடைத்து, ஊதி, 'தொடாதே' என்று எழுதியிருந்த பழைய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பழைய மடிப்பிலேயே மடித்தார். உள்ளே போய் டின்னில் வைத்து மூடி, கல்யாணப் புடவைக்கு மேல் முன்பிருந்த இடத்திலேயே வைத்து, பீரோவைப் பூட்டி, கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.