காலிப் பாக்கெட்டுக்காரர்

கடலூரில் நான் நர்ஸாக இருந்த குழந்தைகள் வார்டுக்கு, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் எலும்பும் தோலுமான ஒன்றரை வயது மகளோடு வந்தார். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். எதைக் கொடுத்தாலும் மோந்து பார்ப்பார். டீ, மருந்து, கழுவி வைத்த ஸ்பூன்கூடத் தப்பாது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலையில் செய்த சத்துப் பசையைப் பாக்கெட்டில் கொடுப்போம். காலிப் பாக்கெட்டைக் காட்டினால்தான் அடுத்தது. அவர் தவறாமல் காட்டினார். ஆனால் மூன்று நாளாகியும் குழந்தையின் எடை ஏறவில்லை. பசையைப் பிதுக்கி வேறு யாருக்காவது கொடுக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். சத்தமில்லாமல் போய் அவர்கள் கட்டிலின் திரைக்குப் பின்னால் நின்றேன். பாக்கெட்டைப் பிதுக்கி அவரே தின்றுகொண்டிருந்தார்.

"புள்ள சாப்பாட்ட திங்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் பதறவில்லை. "எந்தக் கடையிலயும் விக்காத பொருளு சிஸ்டர். எனக்கு ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சாதான் அவளுக்குக் குடுப்பேன். நீங்க ஒரு வாய் சாப்புடுங்க, இப்பவே ஊட்டுறேன்."

"அது பேஷண்டுக்கு வந்தது. நாங்க சாப்பிடக் கூடாது."

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். அன்று இரவும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, மறுநாள் காலையில்தான் மகளுக்கு ஊட்ட ஆரம்பித்தார்.

கன்னத்தில் சதை பிடித்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய அன்று, வார்டு வாசலில் திரும்பி நின்றார். "மொத நாளே நீங்க ஒரு வாய் சாப்புட்டுக் காட்டியிருந்தா, எம்புள்ள மூணு நாள் பட்டினி கெடந்திருக்க மாட்டா சிஸ்டர்."

எத்தனையோ பேருக்கு அந்தப் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அதன் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது.