சுலைமான் பாய் பெயர் மாற்றி வைத்த ஃபைல்

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சுலைமான் பாய் தவறிவிட்டார் என்று வந்தது. நான் நம்பவில்லை. யார் போட்டது, எங்கிருந்து எடுத்துப் போட்டது என்று நோண்டிப் பார்த்துவிட்டு, அவர் வீட்டுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தாள். அவள் அழுகையைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். இந்தச் சந்தேகப் புத்தியும் பாயிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். வேங்கிக்கால் ஆபீசில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து ஊர்வாரியாக அடுக்குவது நம் வேலை. சர்வர் அவர் பொறுப்பு. கருப்புத் திரையில் எந்த புரோகிராமையும் பெயரை அடித்து உடனே ஓட்டமாட்டார். முதலில் 'எது' என்று கேட்கும் 'விச்' கட்டளையை அடித்து, அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடப்போகிறது என்று கேட்பார். "ஒரே பேர்ல ரெண்டு இருக்கும் மேடம். முதல்ல எது கிடைக்குதோ அத மெஷின் எடுத்துக்கும். நாம கேட்டாத்தான் சொல்லும்" என்பார். டீ வந்தால்கூட எந்தக் கடை டீ என்று கேட்காமல் வாயில் வைக்கமாட்டார். நாம் சிரிப்போம்.

நான் அடுக்கிய கீழ்பென்னாத்தூர் பத்திரங்கள் காணாமல் போனபோது யாரும் சிரிக்கவில்லை. அது என் சொந்த ஊர். சொந்தக்காரர்களின் நிலத் தகராறுக்காக நானே அழித்துவிட்டேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வேலை போவது ஒருபக்கம். திருடி என்ற பெயரோடு போக வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸை டவுனுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து பார்த்தால், என் நாற்காலியில் பாய்.

"இன்னா பாய் பண்றீங்க என் சீட்ல?"

"எது ஓடுதுன்னு பாக்கறேன் மேடம். கொஞ்சம் பொறுங்க."

இந்த ஆள்தான் எனக்குக் குழி பறிக்கிறான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

அவர் மேனேஜரை அழைத்துத் திரையைக் காட்டினார். ஒரே பெயரில் இரண்டு புரோகிராம். புதியது சர்வரின் பொது ஃபோல்டரில். சோதனைக் காலத்துப் பழைய நகல் என் சொந்த ஃபோல்டரில். என் லாகினில் பழையதுதான் முதலில் ஓடி, பத்திரங்களை யாரும் திறக்காத சோதனை ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் அங்கே இருந்தன.

"இத அங்க யார் வெச்சது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். டெஸ்டிங் அப்ப வெச்சேன், எடுக்க மறந்துட்டேன்" என்றார் பாய்.

சர்வர் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கி, ஸ்கேனரில் உட்காரவைத்தார்கள். எனக்கு இரக்கமே வரவில்லை. மறந்தாராம்! எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள் எப்படி மறப்பார்? வேண்டுமென்றே வைத்தவர், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் நல்லவர் வேஷம் போடுகிறார் என்று நினைத்தேன். அந்த நகலை அழித்துவிடச் சொன்னபோது, "நான் எதையும் அழிக்கறதில்ல மேடம். பேர மாத்தி வெச்சிருக்கேன், இருக்கட்டும்" என்றார். அதிலும் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது. அதன்பிறகு அவர் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசிவரை அப்படித்தான்.

அடக்கம் முடிந்து திங்கட்கிழமை ஆபீஸ் வந்ததும் அந்த ஃபைலைத் தேடினேன். விவரம் கேட்டால் அது யாருடையது, எந்தத் தேதி என்று திரையில் வரும். அதைப் பார்க்க இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. அங்கே என் பெயர் இருந்தது. தேதி, பாயின் மகளுக்கு நிக்காஹ் நடந்த வாரம். அவர் அப்போது ஆபீசிலேயே இல்லை. கல்யாண வேலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே நகலெடுத்து வைத்தது மெதுவாக நினைவுக்கு வந்தது. வைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவர் வீட்டுப் பிரியாணி சாப்பிடப் போயிருக்கிறேன்.

பாய் இதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? என் பெயரைச் சொல்லியிருந்தால், அது மறதி என்று மேனேஜர் அன்று நம்பியிருக்கவே மாட்டார்.

அது சுலைமான் பாயின் கவனக்குறைவு என்று இன்றும் பேசிக்கொள்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஃபைல் ஒன்றுதான். நானும் அதை அழிக்கப்போவதில்லை. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள். என் பெயர்தான் இருக்கிறது.