குளிர் அறையில் மூவர்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘வாரேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். வடநாட்டில் போர்வெல் போடப் போன இடத்தில் ரிக் வண்டி கவிழ்ந்து தங்கையின் கணவர் இறந்தபோது, வெண்ணந்தூரில் அவள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள்.

அதற்கு முன் இருவரும் சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை எடுத்திருந்தார்கள். உருவான மூன்று கருக்களை அங்கே உறைய வைத்திருந்தார்கள். காரியம் முடிந்து சில வாரங்களில் தங்கை, அவள் மாமியார், நான் மூவரும் அங்கே போனோம். ஒரு கருவையாவது தன் வயிற்றில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது தங்கையின் எண்ணம். மாமியாருக்கு அதில் சம்மதமில்லை.

“இல்லாதவனுக்கு எப்படிச் சாமி புள்ள பொறக்கும்? ஊரு என்ன பேசும்? அழிச்சுப்போடச் சொல்லீட்டு வந்தரலாம்” என்று காரில் சொல்லிக்கொண்டே வந்தார். மருமகளும் அவருக்குச் சாமிதான். மகனையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

டாக்டர் நிதானமாகப் பேசினார். இருவரின் சம்மதமும் வேண்டும், ஒருவர் இல்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் தன்னால் கருவை வைக்க முடியாது. தங்கை ஒப்புக்கொள்ளாமல் அழிக்கவும் முடியாது.

“அவரோட அம்மாவே எதிர்த்தா கேஸ் நிக்கிறது கஷ்டம். உத்தரவு வர்ற வரைக்கும் மூணு சாம்பிளும் இங்கயே இருக்கும்.”

தங்கை நிமிர்ந்தாள். “மூணு பாப்பா ரெடின்னு அவருகிட்டச் சொன்னீங்க.”

“பேச்சுக்குச் சொல்றதும்மா.”

“அவரு போனதும் பாப்பா சாம்பிளாயிருச்சுங்களா?”

டாக்டர் ஃபைலை மூடிவைத்தார்.

வெளியே வரும் வழியில் ஒரு கண்ணாடிச் சுவர். உள்ளே ஊழியர் ஒருவர், கருக்களை உறைய வைத்திருக்கும் பால் கேன் போன்ற உருளையைத் திறந்து திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புகை மேலே எழவில்லை. விளிம்பில் வழிந்து, தரையில் படுத்து, எங்களை நோக்கி ஊர்ந்து வந்து கண்ணாடியில் நின்றது.

தங்கை கண்ணாடியில் கை வைத்தாள். “சாமி, வாரேன்.”

மாமியார் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நடையில் யாருமில்லை.

“யாருகிட்டச் சொன்னே?”

தங்கை படி இறங்கினாள். நானும் இறங்கினேன். பாதியில்தான் மாமியார் கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் போனேன். கண்ணாடியில் தங்கையின் கைத்தடம் மறையவில்லை. அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“உள்ள குளிருமுங்களா தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

“கோர்ட்டுக்கு நானும் வாரேன்னு அவகிட்டச் சொல்லுங்க” என்றார். பிறகு உள்ளே பார்த்து, மகனைக் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்:

“சாமி, வாரேன்.”