துரத்தல் இசையில் விழுந்த அடி

ஒரு காமெடிப் படத்தின் பின்னணி இசைக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிற கூட்டம் எங்களுடையது. பாட்டுகள் அப்போதே கேசட்டாக வந்துவிட்டன. கடைசியில் எல்லாரும் எல்லாரையும் துரத்தித் துரத்தி அறைவார்களே, அந்தக் காட்சியின் இசை மட்டும் இன்றுவரை வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் கேசட் கம்பெனியைத் திட்டுவோம். அதிகம் திட்டுகிறவன் நான்தான். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஏலப்பாறைக்குப் பக்கத்தில், தேயிலை எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. எனக்குப் பதினொரு வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். இசை வேண்டுமென்றால் அப்போது ஒரே வழிதான். டேப் ரெக்கார்டரை டிவிக்கு முன்னால் வைத்து, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டு, வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சத்தம் போட மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

துரத்தல் ஆரம்பித்தது. படத்தில் முதலாளி ஹீரோவை எல்லார் முன்னாலும் அறைந்தான். அம்மா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

அந்த வாரம்தான், காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டரில், அத்தனை தொழிலாளிகளும் பார்க்க ஆபீசர் அப்பாவை அறைந்திருந்தார்.

அப்பா பாய்ந்து எழுந்தார். அம்மாவின் முடியைப் பிடித்துத் தூக்கி அறைந்தார். தலை டிவி ஸ்டாண்டில் மோதியது. மறுபடியும் அறைந்தார். மறுபடியும் மோதியது. உதடு கிழிந்து நைட்டியெல்லாம் ரத்தம். அவள் கத்தவில்லை. எனக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினாளோ என்னவோ. நானும் எழுந்திருக்கவில்லை. இசை ஓடிக்கொண்டிருந்ததே! பட்டனை நிறுத்தவில்லை. என்னுடைய அந்தக் கையை வெட்டிப்போடலாம் என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இசை முடிந்து நான் பட்டனை நிறுத்திய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“யாரப் பாத்துட்டி சிரிச்ச?”

அன்றோடு அம்மாவுக்கு இடது காது போனது.

போன மாதம், வாளையார் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற ஒருவர், பழைய கேசட் இருந்தால் அனுப்புங்கள், வேண்டாத சத்தத்தையெல்லாம் எடுத்துத் தருகிறேன் என்று குழுவில் கேட்டார். அந்தச் சத்தமும் போய்விடும் என்று நம்பி அனுப்பினேன். வசனத்தை எடுத்தார், அம்மாவின் சிரிப்பைக்கூட எடுத்தார். அறை விழுந்த சத்தத்தை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார். தலை மோதின சத்தமும் சேர்ந்து தாளத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறதாம். அவர் அதைக் குழுவில் போட்டதும் எல்லாரும் கொண்டாடினார்கள். சிலர் அந்த இடத்தை மட்டும் வெட்டி ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள்.

சவுண்ட் சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன். “அது படத்துல இல்லவே! எங்கம்மாவ எங்கப்பா அடிச்ச அடி! அதையா ரிங்டோனா வைப்பிய? செருப்பு பிஞ்சிரும்!”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவர் நிறுத்தினார்.

“மன்னிச்சுக்கோங்க. தெரியாமப் போச்சுங்க. இப்பவே எல்லாத்தையும் அழிக்கச் சொல்லீர்றனுங்க.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “அந்த அடி இல்லாம வேற காப்பி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்ல,” என்றேன். “அதுக்குத்தான் நானும் இத்தன வருஷமா கம்பெனிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்.”