தட்டாமல் தேய்த்த நாட்கள்

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். அருவிக்குப் போகிற வழியில், ஆற்றை ஒட்டி, நடுவில் லேசாகக் குழிந்த ஒரு பாறை இருந்தது. ஆள் குப்புறப் படுத்தால் தொப்பை அந்தக் குழியில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பாறையை எனக்கென்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தாலும் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை.

ஆனால் கை பேசும். சேலத்து லாரி டிரைவர்கள், தர்மபுரி போலீஸ்காரர்கள், பெங்களூர் சேட்டுகள், யாராக இருந்தாலும் என் கை முதுகில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் குறட்டை விடுவார்கள். இறுகிப்போன உடம்பு எதுவானாலும் என்னிடம் கொடுங்கள், வாழைத்தண்டாக்கித் தருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். என் வாய் அப்படி.

எங்கள் தொழிலில் தேய்ப்பது பாதி, தட்டுவது பாதி. உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டினால் வலிக்காது. ஆனால் சத்தம் பட்டாசு மாதிரி போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுத்த ஆள் வருவார். ஆற்றோரம் பத்துப் பாறையில் பத்துப் பேர் தட்டினாலும் என் தட்டு தனியாகக் கேட்கும். பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருந்தது?

நாய் வந்தது எண்பதுகளில் ஒரு ஆனி மாதம். எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. என் மனைவி தன் மீன் வறுவல் கடைக்குத் தகரக் கூரை போட்ட வருஷம். மேற்கே மழை பெய்து, காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் ஒரு பாறையில் செவலை நாய் ஒன்று நின்று நடுங்கியது. கழுத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனை பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. யார் கட்டினார்கள், எங்கிருந்து அடித்துக்கொண்டு வந்தது, யாருக்கும் தெரியவில்லை.

என் மனைவியின் தம்பி பரிசல் ஓட்டுகிறவன். அவன் பரிசலை இறக்கினான். கூட ஒரு ஆள் வேண்டும் என்றான். கரையில் இருந்தவர்களில் நான்தான் கோவணத்தோடு தயாராக இருந்தேன், அதனால் என்னை ஏற்றினார்கள். வீரம் எல்லாம் இல்லை. மனைவி மீன் அறுக்கிற கத்தியைக் கையில் கொடுத்தாள்.

பாறை ஓரம் போனதும் மச்சினன் சொன்னான், "மாமா, நான் துடுப்ப வுட்டா மூணு பேரும் அருவிதாங்க. நீங்களே புடிங்க."

நாயை நான் பிடித்தேன் என்றுதான் ரொம்ப நாள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. கையிலும் காலிலும் எண்ணெய். பாறையில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்தேன். விழுந்த வாக்கில் கத்தி பட்டு, கழுத்துக் கயிறே அறுந்து தண்ணீரில் போனது. நாய் என் முதுகில் ஏறி, தலையை மிதித்து, தானாகப் பரிசலுக்குள் போய்ச் சேர்ந்தது. என்னைத்தான் மச்சினன் முடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டான்.

கரைக்கு வந்ததும் அது ஓடிப்போகும் என்று நினைத்தோம். ஓடவில்லை. காய்வதற்காகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோல் பரிசலுக்கு அடியில் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து அதுதான் அதன் வீடு. பரிசலுக்கு அடியில் இரண்டு கண் மட்டும் தெரியும். மனைவி போடுகிற மீன் தலையை யாரும் பார்க்காத நேரத்தில் வந்து கவ்விக்கொண்டு உள்ளே ஓடும். அது படுத்து நான் பார்க்கவே இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கும். தலை கீழே தொங்கும், உடனே திடுக்கென்று நிமிரும். ராத்திரி டியூட்டி வாட்ச்மேன் மாதிரி.

நான் விடுவேனா? எத்தனை முதுகைப் பார்த்தவன். பரிசல் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். தமிழ் புரியவில்லையோ, அக்கரை நாயோ என்று கன்னடத்திலும் பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கன்னடம் எல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வது மட்டும்தான். 'மலக்கொள்ளி' என்று, அதாவது படுத்துக்கொள்ளுங்கள் என்று, ஒரு நாயிடம் அரை மணி நேரம் மரியாதையாகக் கெஞ்சிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன். கையை நீட்டினால் அது மூத்திரம் போய்விடும். அத்தனை பயம்.

இதில் ஒரு அவசரமும் இருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்கு ஜனம் குவியும். அதற்கு முன்னால் நாய் பிடிக்கிறவர்கள் வண்டியோடு வருவார்கள். கழுத்தில் பெல்ட்டோ துணியோ இருந்தால் வளர்ப்பு நாய் என்று விட்டுவிடுவார்கள். வெறுங்கழுத்தாக இருந்தால் சுருக்குக் கயிறு, வண்டி, அவ்வளவுதான். போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. இந்த நாய்க்கோ கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த புண். அங்கே ஈ உட்கார்ந்தாலே துள்ளும். அதில் எதைக் கட்டுவது?

இதை எல்லாம் சொல்லி ஒரு மத்தியானம் மனைவியிடம் புலம்பினேன். என் கை ராசி எங்கே போச்சு என்று கேட்டேன். அவள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"நாள் பூரா ஆளுங்களக் குப்புறப் போட்டு அடிக்கிறீங்க. அது அங்கிருந்து பாத்துக்கினே இருக்குது. அடுத்தது நாமதான்னு நெனக்காதாங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். கவிழ்த்த பரிசலுக்கு நேர் எதிரே என் பாறை. இத்தனை நாளாக அந்த நாய் கண்டதெல்லாம் என்ன? ஒருவன் வருகிறவர்களை எல்லாம் துணியை அவிழ்க்கச் சொல்லி, படுக்கப் போட்டு, பளார் பளார் என்று விளாசுகிறான். வாய் ஓயாமல் பேசுகிறான் வேறு. எனக்கே அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

அன்றோடு தட்டுவதை நிறுத்தினேன். தேய்ப்பது மட்டும். பேச்சையும் குறைத்தேன். முதலாவதைவிட இரண்டாவதுதான் கஷ்டம். வாடிக்கைக்காரர்கள் ஏமாந்துபோனார்கள். எருமை மாதிரி உடம்புள்ள ஒரு லாரி டிரைவர், எல்லாம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் படுத்திருந்தார். "என்னங்ணா, தடவிக்கினே இருந்தீங்க, அடி எப்பங்க?" என்று கேட்டார். முடிஞ்சிருச்சுங்க என்றேன். பாதி வேலைதானே செய்தீர்கள் என்று கோபித்துக்கொண்டு, பக்கத்துப் பாறைக்குப் போய்ப் படுத்து அடி வாங்கிக்கொண்டு போனார். சத்தம் இல்லாத என் பாறைக்கு ஆள் வருவது குறைந்தது. பக்கத்துப் பாறைக்காரர்கள் எனக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்று பரிதாபப்பட்டார்கள்.

நாய் ஒரு அடிகூட நெருங்கவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு நாள் மச்சினன் அந்தப் பரிசல் வேண்டும் என்றான். நாயைப் பயமுறுத்தாமல் பரிசலை நைசாகத் தூக்கித் தருகிறேன் பேர்வழி என்று குனிந்தேன். இடுப்பில் 'சடக்' என்றது. ஊர் இடுப்பை எல்லாம் நிமிர்த்தியவன் அப்படியே வளைந்து நின்றேன். மச்சினன் ஆற்றுக்கே கேட்கிற மாதிரி சிரித்தான். பிறகு பரிதாபப்பட்டு, என்னைத் தாங்கிக்கொண்டு போய் என் பாறையிலேயே குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் ஊற்றினான்.

அத்தனை வருஷத்தில் அந்தப் பாறையில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை. வெயில் ஏறிய கல், வயிற்றுக்கு இதமாக இருந்தது. மச்சினனுக்குத் தேய்க்கத் தெரியாது, தண்ணீர் தள்ளுகிற மாதிரி தள்ளினான். ஆனாலும் கண் சொருகியது. ஒரு கை பாறையை விட்டுக் கீழே தொங்கியது.

கொஞ்ச நேரத்தில் மச்சினனின் கை நின்றது. "மாமா, ஆடாதீங்க" என்று காதருகே மெதுவாகச் சொன்னான்.

தொங்கிய விரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டது. ஒரு மூக்கு. என் விரல், மணிக்கட்டு, முழங்கை என்று அது முகர்ந்துகொண்டே போனது. பிறகு என் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அந்த நாயின் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. இவ்வளவு நாள் அடித்தவன் இன்றைக்கு அடி வாங்குகிறவன் இடத்தில் படுத்திருக்கிறான், அழவும் இல்லை, எழுந்து ஓடவும் இல்லை, எச்சில் ஒழுகத் தூங்குகிறான். அது என்ன கணக்குப் போட்டதோ. பாறைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. முன்னங்காலை மடக்கியது. பின்பக்கத்தை இறக்கியது. பாறையோடு முதுகை ஒட்டிப் படுத்து, நெஞ்சுக்கூடு காலியாகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது.

எத்தனையோ பேர் என் கையில் அந்த மூச்சை விட்டிருக்கிறார்கள். அதை நான்தான் வரவழைத்தேன் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். இந்த நாயை நான் தொடவே இல்லை. வயிற்றுக்கடியில் கட்டெறும்பு கடித்துக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. அருவி அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினம் மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், இடுப்பு சரியான பிறகும் போய்ப் படுத்தேன். வேலை செய்கிற இடத்தில் முதலாளியே தூங்குகிறான் என்று பக்கத்துப் பாறையில் கேலி பேசினார்கள். நான் கையைத் தொங்கவிடுவேன், பார்க்க மாட்டேன், பேச மாட்டேன். அது வந்து தலையை உள்ளங்கைக்கு அடியில் நுழைக்கும். காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. விரலால் அழுத்தி அழுத்தி அதைக் கரைத்தேன். தாடை இளகியது. ஒரு நாள் பின்னங்கால் தானாக உதறியது, சுகத்தில்.

கழுத்தை மட்டும் தொட விடவில்லை. மனைவி தன் பழைய மஞ்சள் சேலையில் ஒரு பட்டை கிழித்து, எண்ணெயில் நனைத்துக் கொடுத்திருந்தாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பேன். துணி தொண்டைப் பக்கம் போனதும் நாய் எழுந்து போய்விடும்.

ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் இருந்தபோது வண்டி வந்துவிட்டது. வயசான ஒருவர், கூட ஒரு வாட்டசாட்டமான ஆள், கையில் நீளக் கழியின் நுனியில் சுருக்குக் கயிறு. கயிற்றைக் கண்டதும் நாய் பரிசலுக்கு அடியில் போய்விட்டது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். இது எங்க வூட்டு நாய்ங்க என்று சொன்னேன்.

"கழுத்துல ஒண்ணுமில்லியேப்பா. உன் நாயின்னா கூப்புடு, வருதா பாக்கலாம்" என்றார் பெரியவர்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதற்குப் பேர் வைக்கவில்லை. குரல் கொடுத்தால் பயந்து இன்னும் உள்ளே போகும். மீன் தலையைக் காட்டலாம், ஆனால் எதிரே கயிறு நிற்கிறது. மனைவி கடையிலிருந்து வந்து, மசாலாக் கையோடு நின்றாள். என் வாயால் ஒரு பிரயோஜனமும் இல்லாத நேரம் அது.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். போய் என் பாறையில் குப்புறப் படுத்துக் கண்ணை மூடினேன். துணி சுற்றிய கையைத் தொங்கவிட்டேன்.

கூட வந்த ஆள் சிரித்தது கேட்டது. "என்னப்பா, நாயக் கேட்டா நீ படுத்துக்கற?" பெரியவர் அவனை அதட்டி அடக்கினார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தமும் பக்கத்துப் பாறைகளில் தட்டுகிற சத்தமும் தவிர. மணலில் ஏதோ நடக்கிற மாதிரி இருந்தது. அது நாயா, நாயைத் தேடிப் போகிற கழியா, தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் கெட்டுவிடும் என்று இறுக்கி மூடிக்கொண்டேன். அந்தப் பாறையில் படுத்த உடம்புகளிலேயே இறுகிப்போன உடம்பு அன்றைக்கு என்னுடையதுதான்.

உள்ளங்கைக்குள் ஒரு தலை நுழைந்தது.

நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அத்தனை ஆள், எதிரே கயிறு, சுற்றிலும் அடிக்கிற சத்தம். அதற்கு நடுவில் நடந்து வந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் தடவினேன். மெதுவாகக் கீழே இறங்கினேன். புண் காய்ந்து தடித்திருந்த இடத்தில் விரல் பட்டது. நாய் விறைத்தது. விரலை அங்கேயே வைத்திருந்தேன். எண்ணெய் ஊறுகிற மாதிரி ஒரு சூடு ஊறட்டும் என்று காத்தேன். விறைப்பு விட்டது. மறு கையையும் இறக்கி, துணியை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு விரல் போகிற அளவுக்கு இடம் விட்டு, கண் திறக்காமலே முடிச்சுப் போட்டேன். நாய் பழைய பெருமூச்சை விட்டது. சொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டியது.

பெரியவர் சொன்னார், "உன் நாய்தான்பா. இல்ல, நீ அதோட ஆளு. வாடா போலாம்."

வண்டி போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மனைவி கிட்டே வந்து, "என்னங்க, வாய் எங்க போச்சி?" என்று கேட்டாள். பக்கத்துப் பாறையில் யாரோ ஒரு முதுகில் ஓங்கித் தட்டினார்கள். நாயின் ஒரு காது மட்டும் ஆடி அடங்கியது.

ஒரு வாடிக்கைக்காரர் துண்டோடு வந்து நின்று, நீங்க எழுந்தாதானே நான் படுக்க முடியும் என்றார். நான் உதட்டில் விரல் வைத்து அவரைப் பேசாதிருக்கச் சொன்னேன். வேறொருவரிடம் அப்படிச் சொன்னது என் ஆயுசில் அன்றுதான்.